சொல்யூஷன் வாசனை

போன மாதம் பேரனின் சைக்கிள் பஞ்சர். தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் டியூபை வெளியே எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தில் தீக்குச்சியைச் செருகி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைப் பிதுக்கி விரலால் தடவினார். தடவியவர் பேட்சை உடனே ஒட்டவில்லை. வாயால் ஊதிக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, ஏன் உடனே ஒட்டாம ஊதறாரு?" என்றான் பேரன்.

"ஈரம் போகணும்டா. அப்பத்தான் நல்லா பிடிக்கும்."

"ஈரம் எங்க போகும்?"

காற்றில் போகும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய நினைவுகள் வந்துவிட்டன. முப்பத்து நான்கு வருடம் அந்த வாசனையில்தான் சம்பளம் வாங்கினேன். 1976-ல் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் உதவியாளனாகச் சேர்ந்தேன். பிறகு ஸ்டோர் பொறுப்பு, அதற்குப் பிறகு ஷூ அப்பர் பிரிவில் சூப்பர்வைசர். 2010-ல் ஓய்வு பெற்றேன். இத்தனை வருடத்தில் பேரன் கேட்ட கேள்வியை, அதாவது "அது எங்கே போகிறது?" என்பதை, எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்யூஷன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். விஷயம் எளிது. ரப்பரை ஒரு கரைப்பானில் கரைத்தால் அது பசையாகிவிடும். அதைத் தடவினால் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும், ரப்பர் மட்டும் மெல்லிய படலமாகத் தங்கிவிடும். இப்படிப் படலம் பூசிய இரண்டு பரப்புகளைச் சேர்த்து அழுத்தினால் பிரிக்க முடியாது. ஒட்டுவது ரப்பர்தான். கரைப்பான் அதை அங்கே கொண்டு போய்ச் சேர்க்கிற வண்டி மாதிரி. இறக்கிவிட்ட பிறகு வண்டி போய்விடுகிறது. ஆபத்து முழுவதும் அந்த வண்டியில்தான்.

ரப்பர் மரத்தின் பாலை ஐரோப்பியர்கள் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டு போனபோது, கட்டியாக உறைந்த ரப்பரை எதில் கரைப்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள். டர்பன்டைனில் கரைத்துப் பார்த்தார்கள், ஈதரில் கரைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்பவர் ஒரு வழி கண்டார். அங்கே தெருவிளக்குகளுக்கு நிலக்கரியிலிருந்து வாயு தயாரிப்பார்கள். அப்போது மிஞ்சுகிற தாரிலிருந்து நாப்தா என்ற எண்ணெய் கிடைத்தது. அதில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி ஒட்டினார். 1823-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் மழைக்கோட்டு. இங்கிலாந்தில் இன்றைக்கும் மழைக்கோட்டுக்கு அவர் பெயரையே சொல்கிறார்கள். 1839-ல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நம் ஊர் டயர் கடைகளில் 'வல்கனைசிங்' என்று போர்டு வைத்திருப்பார்களே, அது அந்த முறைதான்.

அப்புறம் வந்ததுதான் வினை. சூடாக்காமலேயே ரப்பரை உறுதியாக்கும் முறையை அலெக்சாண்டர் பார்க்ஸ் என்ற ஆங்கிலேயர் 1846-ல் கொண்டுவந்தார். அதில் பயன்பட்ட கரைப்பான் கார்பன் டைசல்பைடு. பாரிஸ் நகரத்தில் பலூன் முதலான சில்லறை ரப்பர் சாமான்கள் செய்கிறவர்கள், காற்றோட்டமில்லாத சிறு அறைகளில் அதை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தலைவலி, கெட்ட கனவு, காரணமில்லாத கோபம், கால் தளர்ச்சி என்று ஒவ்வொன்றாக வந்தது. ஓகஸ்ட் டெல்பெஷ் என்ற மருத்துவர் 1856-ல் அதை எழுதி வைத்தார். இங்கிலாந்தில் தாமஸ் ஆலிவர் என்ற மருத்துவர் இன்னொன்றை எழுதியிருக்கிறார். இந்த ஆவியால் புத்தி பேதலித்த தொழிலாளிகள் மாடியிலிருந்து குதித்துவிடக் கூடாது என்பதற்காக ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார்களாம். ஆவியை நிறுத்துவதை விட்டுவிட்டு ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எங்கள் கம்பெனி ஜன்னல்கள் ஞாபகம் வந்தன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து வந்தது பென்சீன். இதைக் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே, 1825-ல். ரப்பரை நன்றாகக் கரைக்கும், சீக்கிரம் காயும், விலையும் மலிவு. தொழிற்சாலைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1897-ல் ஸ்வீடனில் சான்டெசன் என்ற மருத்துவப் பேராசிரியர், ஒரு சைக்கிள் டயர் தொழிற்சாலையில் வேலை செய்த நான்கு இளம்பெண்களின் மரணத்தைப் பற்றி எழுதினார். அவர்கள் உடலில் ரத்தம் ஊறுவதே நின்றுபோயிருந்தது. பென்சீன் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும் என்று உலகத்துக்குத் தெரியவந்தது அப்போதுதான். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் 1920-களிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்த்தப்பட்ட முதல் பெண் அவர்.

எச்சரித்து என்ன பயன்? 1950-களில் ஜப்பானில் ஆட்ரி ஹெப்பர்ன் என்ற நடிகையின் பெயரால் ஒரு மாதிரிச் செருப்பு பிரபலமானது. ஒசாகா பக்கம் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து அதை ஒட்டிக் கொடுத்தார்கள். பசையில் பென்சீன். ரத்தசோகை வந்து சிலர் இறந்துபோனார்கள். 1959-ல் ஜப்பான் அரசு, 5 சதவீதத்துக்கு மேல் பென்சீன் உள்ள ரப்பர் பசைக்குத் தடை போட்டது. இத்தாலியில் ஷூ தொழிலாளர்களுக்கு இதே கதி வந்து, 1963-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தில் முசாஃபர் அக்சாய் என்ற மருத்துவர், ஷூ தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததை 1974-ல் வெளியிட்டார்.

அந்த 1974-ல் நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்து ஊர்களிலெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலைக் கட்டுக் கட்டாக வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சீதாராமையா கமிட்டி சொன்னதன் பேரில், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தோலை இங்கேயே முழுசாகப் பதனிட்டு, ஷூவாகவும் ஷூ அப்பராகவும் செய்து அனுப்பினால்தான் நாட்டுக்கு லாபம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். வட ஆற்காடு மாவட்டத்தின் இந்த மூலையில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதன்முதலாக மாதச் சம்பளம் கிடைத்தது. என் இரண்டு தங்கைகளின் கல்யாணமும் அந்தப் பணத்தில்தான் நடந்தது. அதனால் இந்தத் தொழிலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் தொழிலோடு சேர்ந்து சொல்யூஷன் டிரம்மும் வந்தது. இஸ்தான்புல்லிலும் ஒசாகாவிலும் நடந்த கதை மட்டும் கூட வரவில்லை.

எங்கள் ஸ்டோர் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரே கதவு, மேலே ஒரு சின்ன ஜன்னல். 200 லிட்டர் டிரம் ஒன்றைச் சாய்த்துப் படுக்க வைத்துக் குழாய் பொருத்தியிருப்போம். அதில் இருப்பது தின்னர், அதாவது சொல்யூஷனைத் தளர்த்தப் போடும் கரைப்பான். குழாயைத் திறந்து வாளியில் பிடித்து, அங்கிருந்து டப்பா டப்பாவாக மேஜைகளுக்குப் போகும். குழாயடியில் சொட்டியது தரையில் பரவிப் பிசுபிசு என்று கிடக்கும், நடந்தால் செருப்பு ஒட்டும். எனக்குச் சுத்தம் முக்கியம். வீணாய்ப் போன சோல் ரப்பர் ஷீட் ஒன்றை வெட்டிக் குழாயடியில் விரித்து, அதன்மேல் வாளியை வைக்கச் சொன்னேன். மேனேஜர் பார்த்துவிட்டு "நல்ல ஐடியா" என்றார். எனக்குப் பெருமை.

1984 மே மாதம். அக்னி நட்சத்திர வெயில், காற்றில் சொட்டு ஈரம் இல்லை. மதியம் இரண்டு மணி இருக்கும். பத்தொன்பது வயது ஹெல்பர் பையன் ஒருவன் குழாயைத் திறந்துவிட்டு வாளி நிறையும் வரை நின்றிருக்கிறான். நான் வாசலில் மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நிறைந்த வாளியை எடுக்க அவன் கை போன நேரம். 'புஸ்' என்று ஒரு சத்தம், பெரிய வெடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் அறையின் தரை முழுவதும் நீல நிறத்தில் எரிகிறது. பையன் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். வலது கையில் விரலிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து தொங்கியது. யாரோ இங்க் ஊற்றினார்கள், யாரோ மாவைக் கொட்டினார்கள். வாசலில் இருந்த மணல் வாளிகளை வீசி, ஈரச் சாக்குப் போட்டு, எப்படியோ தீயை அணைத்தோம். டிரம் வெடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். சுவருக்கு அந்தப் பக்கம் நூற்று நாற்பது பெண்கள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் விசாரணை. அறையில் விளக்கு சுவிட்ச் போடவில்லை, அடுப்பு இல்லை, வெல்டிங் இல்லை. நெருப்பு எங்கிருந்து வந்தது? "நெருப்பில்லாமல் எரியுமா? பையன் பீடி பிடிச்சிருப்பான்" என்றார் மேனேஜர். பையன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அறிக்கை எழுதினார்கள். 'ஊழியர் தடையை மீறிப் புகை பிடித்ததால் தீ விபத்து.' நேரில் பார்த்த சாட்சி என்று என் பெயர். அவன் பீடி பிடித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. ஆனால் வேறு காரணம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. வேறு காரணம் இல்லையென்றால் அதுதானே காரணம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பையனுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மா கேட்டில் வந்து நின்று, "எம்புள்ள அதெல்லாம் தொடமாட்டான் சார், நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து நான் அப்பர் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆனேன். மேஜைக்கு எட்டுப் பெண்கள். தோலின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, மடித்து, சுத்தியால் தட்டுவார்கள். பென்சீன் கெடுதல் என்று எங்கள் காதுக்கும் வந்திருந்தது. "இப்ப வர்ற சொல்யூஷன்ல அது கிடையாது, தைரியமா வேலை செய்யுங்க" என்று நானே பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். அதில் இருந்தது டொலுயீனும் ஹெக்ஸேனும்.

மழைக்காலத்தில் ஒரு தொல்லை வரும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் இருந்தால் அது பனி மாதிரி படலத்தின் மேல் படிந்து வெளுத்துவிடும். அப்புறம் ஒட்டினால் பிடிக்காது, ஷூ வாய் பிளந்து திரும்பி வரும். 1987 ஐப்பசி, கார்த்திகையில் அப்படி நிறைய ரிஜெக்ட் ஆனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லா ஜன்னலையும் சாத்தச் சொன்னேன். ரிஜெக்ட் குறைந்தது. பாராட்டும் கிடைத்தது.

மூன்றாவது மேஜையில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், கை வேகம் உள்ளவர், தினமும் கூடுதல் நேரம் பார்ப்பவர். மார்கழியில் ஒருநாள் என்னிடம் வந்து, "தம்பி, கால்ல செருப்பு நிக்கமாட்டேங்குது. நடந்தா தானா கழண்டு போவுது. விழுந்ததுகூடத் தெரியல, நாலடி தள்ளிப் போய்த்தான் பாக்கறேன்" என்றார்.

"ஷூ கம்பெனியில வேலை செஞ்சுக்கிட்டு நல்ல செருப்பு வாங்க மாட்டியாக்கா?" என்று நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பொங்கலுக்குப் பிறகு அவரால் பிரஷ் பிடிக்க முடியவில்லை. விரல் நுனி மரத்துப் போயிருந்தது. ஒரு மருத்துவர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. வைட்டமின் மாத்திரை கொடுத்தார். வேலையை விட்டு நின்ற பிறகும் ஒரு மாதம், இரண்டு மாதம் இன்னும் மோசமானது. அப்புறம் மெல்ல மெல்லத் தேறினார். ஆனால் பழைய மாதிரி வேக நடை வரவேயில்லை. கணக்கு முடித்து அவர் கையில் பணம் கொடுத்தவனும் நான்தான்.

இந்த இரண்டு விஷயத்துக்கும் 1996-ல்தான் எனக்கு விடை கிடைத்தது. சூப்பர்வைசர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று சென்னைக்கு அனுப்பினார்கள். பாடம் எடுத்தவர் முதல் நாளே ஒன்றைச் சொன்னார். இந்தக் கரைப்பான்கள் குழாயில் வேகமாக ஓடும்போது உராய்வில் மின்னேற்றம் உண்டாகும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுப்போமே, அதே நிலைமின்சாரம். இரும்பு வாளி தரையில் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். வாளியை ரப்பர் மேலோ பிளாஸ்டிக் மேலோ வைத்தால் இறங்க வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். கையோ குழாயோ வாளிக்கு அருகே வரும்போது சட்டென்று ஒரு பொறி தாவும். கண்ணுக்குத் தெரிகிற அளவுகூட இருக்காது, ஆனால் ஆவியைப் பற்றவைக்க அது போதும். வறண்ட வெயில் காலத்தில் இது இன்னும் அதிகம். அதனால்தான் டிரம்முக்கும் வாளிக்கும் செம்புக் கம்பி கட்டி, அதைப் பூமியோடு இணைக்க வேண்டும் என்றார்.

எனக்கு உட்கார முடியவில்லை. அந்த ரப்பர் ஷீட்டை வெட்டி விரித்தது யார்?

தரை ஏன் எரிந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. டொலுயீன், ஹெக்ஸேன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனமானது. மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவி, கதவிடுக்கு வழியாக ஓடி, பள்ளத்தில் தேங்கும். எங்கள் ஜன்னல் மேலே இருந்து என்ன பயன்? எந்தக் குளிரில்கூட ஆவி தீப்பற்றும் அளவுக்கு எழும் என்று ஒரு கணக்கு உண்டு. டொலுயீனுக்கு அது 4 டிகிரி செல்சியஸ். ஹெக்ஸேனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 22 டிகிரி. ஆம்பூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காற்றில் வெறும் ஒன்றேகால் சதவீதம் ஆவி கலந்தாலே பற்றும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் டொலுயீன் முழுவதும் ஆவியானால் சுமார் 230 லிட்டர் ஆவி. எட்டுக்குப் பத்து அடி அறை ஒன்று முழுவதும் எரியக்கூடிய காற்றாக மாற அது போதும். எங்கள் அறையில் இருந்தது 200 லிட்டர்.

இரண்டாம் நாள் ஜப்பான் கதை சொன்னார். பென்சீனைத் தடை செய்த பிறகு அங்கே செருப்புப் பசையில் ஹெக்ஸேன் போட ஆரம்பித்தார்கள். சில வருடத்திலேயே, 1960-களில், மியே மாகாணத்தில் வீட்டில் செருப்பு ஒட்டியவர்களுக்குக் கைகால் மரத்துப்போனது. தொண்ணூறு பேருக்கு மேல் அப்படிக் கண்டுபிடித்தார்கள். ஹெக்ஸேன் உடம்புக்குள் வேறொரு பொருளாக மாறி நரம்பைத் தாக்குகிறது. நீளமான நரம்பைத்தான் முதலில் பிடிக்கும், அதனால் பாதத்தில் தொடங்கும். ஆவியிலிருந்து விலகிய பிறகும் சில வாரம் மோசமாகி, பிறகு மெதுவாகத் தேறும். "முதல் அறிகுறி என்ன தெரியுமா? காலில் செருப்பு நிற்காது" என்றார்.

அந்த அக்காவுக்கு யாரும் நரம்புப் பரிசோதனை செய்யவில்லை. அதனால் இதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஜன்னலைச் சாத்தியவன் நான், சிரித்தவனும் நான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-வது பிரிவு, தீப்பற்றும் ஆவி உள்ள இடத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டது. பென்சீன் நச்சு ஏற்பட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியலும் அந்தச் சட்டத்தில் இருந்தது. போபாலுக்குப் பிறகு 1987-ல் திருத்தம் வந்தது. தொழிலாளி கையாளும் பொருளின் ஆபத்தை அவனுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அதில் இருந்தது. 1987 என்றால் எந்த வருடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஜன்னலைச் சாத்திய வருடம்.

பயிற்சி முடிந்து வந்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. டிரம்முக்கு எர்த் கம்பி போட்டோம். ஸ்டோரைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளிக் கட்ட வைத்தேன், தரை மட்டத்தில் காற்றுத் துவாரத்தோடு. மேஜைக்கு மேஜை ஆவியை உறிஞ்சும் குழாய் வந்தது. டப்பாவுக்கு மூடி போட்டு, பிரஷ் நுழையும் அளவுக்கு மட்டும் துளை வைத்தோம். துடைத்த துணிகளை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடச் சொன்னோம். பிறகு தண்ணீரில் கரைந்த பசைகள் வந்தன. இவ்வளவுக்கும் ஆன செலவு, ஒரு கன்டெய்னர் ஷூ ரிஜெக்ட் ஆனால் ஆகும் நஷ்டத்தைவிடக் குறைவு.

இதெல்லாம் கம்பெனி விஷயம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இப்போது நம் வீடுகளில் மாடுலர் கிச்சன் போடுகிறோம். ஆசாரி பிளைவுட் மேல் சன்மைக்கா ஒட்டத் தடவும் மஞ்சள் பசையும் இந்த வம்சம்தான். தொட்டிக்குப் பைப் ஒட்டும் பசையிலும் எரியும் கரைப்பான்தான். அதனால் சில வார்த்தைகள்:

ஒட்டும் வேலை நடக்கும் நாளில் பூஜை விளக்கு, ஊதுபத்தி, காஸ் அடுப்பு எதுவும் வேண்டாம். பக்கத்து அறையில் இருந்தாலும் வேண்டாம். ஆவி தரையோடு அங்கே போகும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள், வாசனை முழுவதும் போகும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பசை வேலை செய்ய யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். குளிர்பான பாட்டிலில் தின்னரை ஊற்றி வைக்காதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீரை வீசாதீர்கள், எரியும் திரவம் தண்ணீர் மேல் மிதந்து பரவும். மணல் அல்லது பவுடர் அணைப்பான் வேண்டும். தீப்புண் பட்டால் இங்க், மாவு, பற்பசை ஒன்றும் வேண்டாம். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுவர்கள் பஞ்சர் சொல்யூஷனை முகர்ந்து பார்ப்பதைக் கண்டால் விளையாட்டென்று விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனைத் தேடிப் போக எனக்குப் பதினான்கு வருடம் ஆனது. ஓய்வு பெற்ற வருடம்தான் தைரியம் வந்தது. பக்கத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது, முடி நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காது, இடது கையால் பொட்டலம் கட்டினார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். வாளி, ரப்பர் ஷீட், நிலைமின்சாரம் எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சிக் கையெழுத்து என்னுடையது என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் பீடி பிடிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். எங்க அம்மாவுக்குத்தான் கடைசி வரைக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. அது போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பஞ்சர் ஒட்டி முடித்துப் பேரனோடு வீட்டுக்குத் திரும்பும்போது இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை, சின்னப் பிள்ளை. கடைக்காரரிடம் மட்டும் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொல்யூஷன் டியூப் வைத்திருந்த பலகைக்குப் பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. "அதைக் கொஞ்சம் தள்ளி வெளியே வையுங்க தம்பி" என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் எடுத்து வெளியே வைத்தார்.

இந்தத் தொழிலில் இருந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள். நம் காலத்தோடு அது போய்விடக் கூடாது.